மைனஸ் 5.32 சென்டிமீட்டர்: ஒரு மிதவை, மூணு பூச்சியம், ஒரு செத்துப்போன போர்டு



போன செமஸ்டர் மினி புராஜெக்ட்ல எங்க டீம் பண்ணின ஒரு தப்பைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. தப்பு எலெக்ட்ரானிக்ஸ்ல இல்ல, கோடிங்லயும் இல்ல. ஒன்பதாம் வகுப்புல படிச்ச "பல்லுறுப்புக்கோவையின் பூச்சியங்கள்" பாடத்துல.

விஷயம் இதுதான். 20 சென்டிமீட்டர் விட்டம் உள்ள ஒரு பிளாஸ்டிக் பந்து. அதுக்குள்ள பேட்டரி, சென்சார், போர்டு எல்லாத்தையும் வச்சு மூடி, கடல்ல மிதக்க விட்டு அலையோட ஆட்டத்தைப் பதிவு பண்ணணும். உள்ளேயிருந்து ஒரு ஒயர் வெளிய வரணும். அதுக்கு ஓட்டை வேணும். ஓட்டை தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கணும். அப்படின்னா பந்து எவ்வளவு ஆழம் முங்கும்னு முதல்லயே தெரியணும். எல்லாம் சேர்த்து எடை 1.07 கிலோ கிட்ட வந்துச்சு. அதே அளவு பந்து முழுக்கக் கடல்தண்ணி நிரப்பினா வர்ற எடையில சரியா கால் பங்கு.

சமன்பாடு எழுதி, நியூட்டன் முறையில புரோகிராம் போட்டது நான்தான். ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி ஓட்டினேன். விடை: −5.32.

ஆழம் எப்படி மைனஸ்ல வரும்? "மேல கீழ டைரக்ஷன் மாத்திப் போட்டிருப்ப மச்சி, மைனஸை விடு, 5.32-ன்னு எடுத்துக்கோ"ன்னான் நண்பன். எனக்கும் தூக்கம். எதுக்கும் கொஞ்சம் மேலேயே இருக்கட்டும்னு அடியிலேர்ந்து 6 சென்டிமீட்டர் உயரத்துல ஓட்டை போட்டோம்.

மறுநாள் காலையில வைத்திக்குப்பத்துல அவன் வீட்டு வாசல்ல, ஒரு டிரம்ல கடல்தண்ணி ரொப்பி, பந்தை மிதக்க விட்டோம். ரெண்டு நிமிஷத்துல ஓட்டையிலேர்ந்து குமிழி வர ஆரம்பிச்சுது. தண்ணிக் கோடு நின்னது 6.5-க்குப் பக்கத்துல. போர்டு போச்சு, ரிவ்யூ மார்க்கும் போச்சு.

நண்பனோட அப்பா முப்பது வருஷமா கடலுக்குப் போறவர். பார்த்துட்டு, "ஏன் தம்பி, ஓட்டை போடறதுக்கு முன்னாடியே தண்ணியில வுட்டுப் பாத்திருந்தா கோடு தெரிஞ்சிருக்குமே?"ன்னார். ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுகிட்டோம்.

அப்புறம் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் பார்த்தேன். அதிர்ச்சி என்னன்னா, −5.32 தப்பான விடையே இல்ல! அது அந்தச் சமன்பாட்டோட உண்மையான பூச்சியம்தான். மூணு பூச்சியத்துல எங்களுக்கு வேண்டாத ஒண்ணை எடுத்துட்டோம், அவ்வளவுதான். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரே சமன்பாட்டை வச்சுத்தான் பேசப் போறேன்.

சமன்பாடு எங்கேயிருந்து வந்துச்சு?

கணக்கு சுலபமா இருக்க, பந்தோட ஆரத்தை 1 யூனிட்னு வச்சுக்குவோம் (நம்ம பந்துக்கு 1 யூனிட் = 10 சென்டிமீட்டர்). முங்கிய ஆழம் 'ஆ'. வழக்கமான எக்ஸுக்குப் பதிலா 'ஆ', அவ்வளவுதான்.

ஆழம் 'ஆ' வரைக்கும் முங்கின பகுதியோட கனஅளவு: பை × ஆ² × (3 − ஆ) ÷ 3.

முழுப் பந்தோட கனஅளவு: 4 × பை ÷ 3. ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி, முங்கின பகுதி விலக்கிய தண்ணியோட எடை, பந்தோட எடைக்குச் சமம். பந்து கால் பங்கு எடைன்னா, முங்கின கனஅளவும் முழுசுல கால் பங்கு. அதாவது பை ÷ 3. ரெண்டையும் சமப்படுத்தி, பை ÷ 3-ஐ அடிச்சா:

ஆ² × (3 − ஆ) = 1

இதைத் திருப்பி எழுதினா:

ப(ஆ) = ஆ³ − 3ஆ² + 1 = 0

'ஆ'வுக்கு எந்த எண்ணைப் போட்டா ப(ஆ) சுழி ஆகுதோ, அந்த எண்தான் பூச்சியம். வரைபடத்துல பார்த்தா, வளைவு கிடைக்கோட்டை வெட்டற இடம். ஒன்பதாம் வகுப்புல சொன்னது இவ்வளவுதான். பூச்சியம் கிடைச்சா ஒரு காரணியும் கிடைக்கும். 2 ஒரு பூச்சியம்னா (ஆ − 2) மீதி இல்லாம வகுக்கும். அதனாலதான் மூணாம் படிக் கோவைக்கு மூணு பூச்சியத்துக்கு மேல இருக்கவே முடியாது. கலப்பெண்களையும் சேர்த்து, திரும்ப வர்றதைத் தனித்தனியா எண்ணினா, சரியா மூணு.

இங்கதான் நான் கவனிக்காம விட்ட விஷயம் இருக்கு. கனஅளவுச் சூத்திரம் 'ஆ' 0-லேர்ந்து 2 வரைக்கும் இருக்கும்போது மட்டும்தான் பொருந்தும். ஏன்னா பந்தோட உயரமே 2 யூனிட். ஆனா பல்லுறுப்புக்கோவைக்குப் பந்து எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு தெரியாது. அது மைனஸ் முடிவிலியிலேர்ந்து பிளஸ் முடிவிலி வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். அது கொடுக்கற மூணு பூச்சியத்துல எது நம்ம பந்தோடதுன்னு பார்க்கறது நம்ம வேலை.

கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி எண்ணு

நம்மள்ல நிறைய பேர் சமன்பாட்டைப் பார்த்த உடனே கால்குலேட்டரை எடுப்போம். அதுக்கு முன்னாடி பத்து செகண்ட்ல செய்யக்கூடிய வேலை ஒண்ணு இருக்கு. பிரெஞ்சுக்காரர் ரெனே தெகார்த் 1637-ல வெளியிட்ட வடிவியல் நூல்ல சொன்ன குறி விதி.

கெழுக்களோட குறியை வரிசையா எழுது: +, −, +. எத்தனை தடவை குறி மாறுது? ரெண்டு. அப்போ பிளஸ் பூச்சியங்கள் ரெண்டு, இல்லன்னா ஒண்ணும் இல்ல. (குறைஞ்சா ரெண்டு ரெண்டாத்தான் குறையும்.) இப்போ 'ஆ'வுக்குப் பதிலா '−ஆ' போடு: −, −, +. ஒரே ஒரு மாற்றம். அப்போ மைனஸ் பூச்சியம் சரியா ஒண்ணு.

அன்னைக்கு ராத்திரி இந்தப் பத்து செகண்டைச் செலவு பண்ணியிருந்தா, "இந்தச் சமன்பாட்டுக்கு ஒரு மைனஸ் பூச்சியம் நிச்சயமா உண்டு, அது என் விடை இல்ல"ன்னு புரோகிராமை ஓட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். மைனஸை அழிச்சிருக்க மாட்டோம்.

ரோலண்ட் வீதி தெரியும், ரோல் தெரியுமா?

1954 நவம்பர் 1 வரைக்கும் நம்ம ஊர் பிரெஞ்சு நிர்வாகத்துல இருந்ததால, ஒயிட் டவுன்ல தடுக்கி விழுந்தா ஒரு பிரெஞ்சுப் பேரு மேலதான் விழணும். ரோமன் ரோலண்ட் வீதி எல்லாருக்கும் தெரியும். 1915-க்கான இலக்கிய நோபல் வாங்கினவர், காந்தியைப் பத்திப் புத்தகம் எழுதினவர். ஆனா நம்ம மிதவைக்கு உதவினவர் அவர் இல்ல, பேருல கொஞ்சம் கிட்ட வர்ற இன்னொருத்தர்: மிஷேல் ரோல். 17-ஆம் நூற்றாண்டுக்காரர். கால்குலஸ் பாடத்துல 'ரோலின் தேற்றம்'னு ரெண்டு மார்க்குக்குப் படிக்கறோமே, அவரேதான்.

வேடிக்கை என்னன்னா, கால்குலஸ் புதுசா வந்தப்போ அதை வெளிப்படையா எதிர்த்தவர்கள்ல ரோலும் ஒருத்தர். அவரோட ஆர்வமெல்லாம் பல்லுறுப்புக்கோவையோட பூச்சியங்கள் எந்தெந்த இடைவெளிக்குள்ள இருக்குன்னு பிரிச்சுக் காட்டறதுலதான். அதுக்காக 1690-ல ஒரு முறையை வெளியிட்டார். அதுக்கு நிரூபணமா 1691-ல சொன்னதுதான், கடைசியில கால்குலஸ் புத்தகத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகிச்சு.

விஷயம் சுலபம். ஒரு வளைவு கிடைக்கோட்டை ரெண்டு இடத்துல வெட்டினா, நடுவுல எங்கேயாவது ஒரு தடவை திரும்பித்தான் ஆகணும். திரும்பற இடத்துல வகைக்கெழு சுழி. இதைத் தலைகீழாப் படி: வகைக்கெழுவோட அடுத்தடுத்த ரெண்டு பூச்சியங்களுக்கு நடுவுல, கோவைக்கு அதிகபட்சம் ஒரே ஒரு பூச்சியம்தான் இருக்க முடியும்.

நம்ம மிதவைக்கு:

ப′(ஆ) = 3ஆ² − 6ஆ = 3ஆ(ஆ − 2)

இதோட பூச்சியங்கள் 0, 2. சரியா பந்தோட அடி, பந்தோட உச்சி! இது தற்செயல் இல்ல. பந்து இன்னும் துளி கீழ போனா முங்கற கனஅளவு எவ்வளவு கூடுங்கறதுதான் வகைக்கெழு சொல்றது. அது தண்ணி மட்டத்துல பந்தோட வட்ட வெட்டுமுகத்தோட பரப்பைப் பொறுத்தது. அடியிலயும் உச்சியிலயும் அந்த வட்டம் ஒரு புள்ளியாச் சுருங்கிடும். பரப்பு சுழி, வகைக்கெழுவும் சுழி.

இப்போ ப(0) = 1, ப(2) = 8 − 12 + 1 = −3. ஒரு முனையில பிளஸ், இன்னொரு முனையில மைனஸ். நடுவுல வளைவு அறுபடாம ஓடுறதால சுழியைத் தாண்டித்தான் ஆகணும். நடுவுல திரும்பாததால ஒரே ஒரு தடவைதான் தாண்டும். ஆக, பந்துக்குள்ள சரியா ஒரே ஒரு விடை. அடிக்கும் உச்சிக்கும் நடுவுல பந்து ஒரே ஒரு ஆழத்துலதான் நிக்கும்னு கடல் சொல்றதையே கோவையும் சொல்லுது.

இடத்தைச் சுருக்கு

0-க்கும் 2-க்கும் நடுவுல ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாச்சு. இருசமக் கூறிடல் முறை இதுக்கு மேல ரொம்ப நேர்மையான வேலைக்காரன். பாதியைப் பார், குறி எந்தப் பக்கம் மாறுதோ அந்தப் பாதியை வச்சுக்கோ, மத்ததைத் தூக்கிப் போடு.

ப(1) = −1. அப்போ விடை 0-க்கும் 1-க்கும் நடுவுல.
ப(0.5) = 0.375. அப்போ 0.5-க்கும் 1-க்கும் நடுவுல.
ப(0.75) = −0.266. அப்போ 0.5-க்கும் 0.75-க்கும் நடுவுல.
ப(0.625) = 0.072. அப்போ 0.625-க்கும் 0.75-க்கும் நடுவுல.

நாலே நாலு கணக்கு. 6.25 சென்டிமீட்டருக்குக் கீழ தண்ணிக் கோடு நிச்சயமா இருக்காதுன்னு இதுலேயே தெரிஞ்சுடுச்சு. நாங்க ஓட்டை போட்டது 6-ல. நாலு வரிக் கணக்கு ஒரு போர்டைக் காப்பாத்தியிருக்கும்.

அப்போ நியூட்டன் ஏன் ஏமாத்தினார்?

நியூட்டன் ஏமாத்தலை. நான்தான் அவரைத் தப்பான இடத்துல இறக்கிவிட்டேன். முறை இதுதான்: இருக்கற புள்ளியில வளைவுக்குத் தொடுகோடு போடு. அந்தக் கோடு கிடைக்கோட்டை எங்க வெட்டுதோ அதுதான் அடுத்த புள்ளி. அதாவது, புதுசு = பழசு − ப ÷ ப′.

நான் ஆரம்பிச்சது 0.1-ல, அதாவது 1 சென்டிமீட்டர்ல. "சின்ன எண்ணா இருக்கட்டும்"ங்கறதைத் தவிர வேற காரணம் கிடையாது. ஆனா 0-க்குப் பக்கத்துல வகைக்கெழு கிட்டத்தட்ட சுழி, வளைவு படுத்துக் கிடக்குது. படுத்த வளைவுக்குத் தொடுகோடு போட்டா அது ரொம்ப தூரம் போய்த்தான் கிடைக்கோட்டைத் தொடும்:

0.1 → 1.80 → −0.92 → −0.63 → −0.54 → … → −0.532

பந்தோட அடியிலேர்ந்து உச்சிக்குப் பக்கத்துல தாவி, அங்கயும் வளைவு படுத்திருக்கறதால, அங்கேயிருந்து பந்தையே விட்டு வெளிய குதிச்சு, மைனஸ் பூச்சியத்துல போய் உட்கார்ந்துடுச்சு. எரர் மெசேஜ் எதுவும் வரலை. வேலை வெற்றிகரமா முடிஞ்சுதுன்னு சொல்லி −5.32 கொடுத்துச்சு.

இப்போ நடுவுலேர்ந்து, பாதி முங்கின நிலையிலேர்ந்து ஆரம்பி:

1 → 0.6667 → 0.65278 → 0.652704

மூணே தாவல். ஆறு தசமம் சரி. அதே முறை, அதே சமன்பாடு, ஆரம்பிச்ச இடம் மட்டும் வேற. இருசமக் கூறிடல் மெதுவா வரும், ஆனா வழி தவறாது. நியூட்டன் பறப்பார், ஆனா எங்க விடறோம்ங்கறது நம்ம பொறுப்பு. அதனால முதல்ல கூறிடல், அப்புறம் நியூட்டன்.

சூத்திரம் இல்லையா?

"இருபடிக்குச் சூத்திரம் இருக்கே, முப்படிக்கு இல்லையா?"ன்னு கேக்கலாம். இருக்கு. இத்தாலிக்காரர் கார்டானோ 1545-லேயே அச்சுல போட்டுட்டார். நம்ம சமன்பாட்டுல ஆ = 1 + த-ன்னு போட்டா, அது த³ − 3த − 1 = 0 ஆகும். கார்டானோ சூத்திரத்துல இதைப் போட்டுப் பார்த்தா, உள்ளே −3/4-க்கு வர்க்கமூலம் எடுக்கச் சொல்லும். விடை மூணுமே மெய்யெண், ஆனா அதுக்குப் போற வழி கலப்பெண் ஊடாத்தான். மூணும் வேற வேற மெய்யெண்ணா இருந்து, அதுல ஒண்ணுகூட விகிதமுறு எண்ணா இல்லாதப்போ, மூலக்குறிகளை மட்டும் வச்சு இந்தச் சுத்துவழியைத் தவிர்க்கவே முடியாதுன்னு பின்னாடி நிரூபிச்சும் விட்டாங்க.

வியெத்ங்கற பிரெஞ்சுக்காரர் கோணங்களை வச்சு ஒரு அழகான வழி கண்டுபிடிச்சார். அதன்படி த = 2 கொசைன் 20°, 2 கொசைன் 140°, 2 கொசைன் 260°. ஒண்ணைக் கூட்டினா 'ஆ'வோட மூணு பூச்சியமும் வந்துடும்:

2.879, −0.532, 0.653

சரி பார்க்க ஒரு குறுக்குவழி: மூணையும் கூட்டினா, ஆ²-ஓட கெழுவைக் குறி மாத்தின 3 வரணும். வருது. பெருக்கினா −1 வரணும். வருது. 2.879 பந்துக்கு மேல ஆகாசத்துல, −0.532 பந்துக்குக் கீழ தண்ணியில. நடுவுல இருக்கற 0.653 மட்டும்தான் நம்ம ஆளு. 6.53 சென்டிமீட்டர்.

கும்பகோணத்துப் பையனும் ஐந்தாம் படியும்

இங்க ஒரு கதை. நம்ம ஊர்லேர்ந்து பஸ்ல போற தூரத்துல, கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல்ல படிச்ச ஒரு பையனுக்கு 1902-ல முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கற வழி காட்டப்பட்டுச்சு. அவன் அதோட நிக்காம, நாற்படிக்கு ஒரு வழியைத் தானே கண்டுபிடிச்சான். அடுத்தது ஐந்தாம் படி. முயற்சி பண்ணினான், முடியலை.

முடியாதுதான். ஐந்தாம் படிக்குப் பொதுவான மூலக்குறிச் சூத்திரம் இருக்கவே முடியாதுன்னு நார்வேக்காரர் ஆபெல் 1824-லேயே நிரூபிச்சுட்டார். எந்தச் சமன்பாட்டுக்கு முடியும், எதுக்கு முடியாதுன்னு பிரிச்சுச் சொன்ன பிரெஞ்சு இளைஞர் கால்வா, 1832-ல சாகும்போது வயசு 20, நம்ம வயசு. கும்பகோணத்துப் பையனுக்கு இந்தச் சேதி எதுவும் தெரியாது. அவன் பேரு ராமானுஜன்.

பின்னாடி கணிதத்தைத் தவிர வேற பாடத்துல கவனம் வைக்காம கல்லூரி உதவித்தொகையை இழந்ததும், எஃப்.ஏ. தேர்வுல தேறாமப் போனதும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அரியர் வச்சிருக்கறவங்க இதை வீட்டுல சொல்லிப் பார்க்கலாம், பலன் இருக்கான்னு எனக்குச் சொல்லுங்க.

ஆனா நமக்கு வேண்டிய விஷயம் அவரோட நோட்டுப் புத்தகங்கள்ல இருக்கு. சூத்திரம் இல்லாமலேயே, எந்தப் படியா இருந்தாலும், வெறும் கூட்டல் பெருக்கல்ல பூச்சியத்தைப் பிடிக்கற ஒரு முறை. நியூமரிக்கல் மெத்தட்ஸ் புத்தகம் சிலதுல 'ராமானுஜன் முறை'ன்னே வரும். இதே மாதிரி யோசனையை 18-ஆம் நூற்றாண்டுல டேனியல் பெர்னூலியும் சொல்லியிருக்கார்.

யோசனை இது. சமன்பாட்டை 1-ல ஆரம்பிக்கற மாதிரி எழுது. 1-ஐ அந்தக் கோவையால வகுத்துத் தொடரா விரி. கிடைக்கற கெழுக்கள்ல, முந்தினதைப் பிந்தினதால வகுத்துக்கிட்டே போ. அந்த விகிதம், எண்ணளவுல சுழிக்கு மிக அருகில இருக்கற பூச்சியத்தை நெருங்கும்.

ஏன் வேலை செய்யுது? பகுதிப் பின்னமாப் பிரிச்சா, ஒவ்வொரு பூச்சியமும் ஒரு பெருக்குத் தொடரைக் கொடுக்கும். பூச்சியம் சின்னதா இருந்தா அதோட தொடர் வேகமா வளரும். கொஞ்ச தூரம் போன பிறகு சின்னப் பூச்சியத்தோட குரல் மட்டும்தான் கேக்கும், மத்ததெல்லாம் அமுங்கிடும்.

நம்ம சமன்பாட்டுல அப்படியே போட்டுப் பார்த்தேன்: 1 − 3ஆ² + ஆ³. இங்க விதி: புது எண் = 3 × (ரெண்டு இடம் முந்தினது) − (மூணு இடம் முந்தினது).

1, 0, 3, −1, 9, −6, 28, −27, 90, −109, 297, −417, 1000 …

கடைசி விகிதங்கள்: −0.826, −0.367, −0.712, −0.417. ஊஞ்சல் மாதிரி ஆடுது, அதுவும் மைனஸ்ல! காரணம் இப்போ நமக்குத் தெரியும். சுழிக்கு மிக அருகில இருக்கறது −0.532. 0.653-உம் கிட்டத்தட்ட அதே தூரத்துல எதிர்ப்பக்கம் நின்னு இழுக்குது. ராமானுஜனே வந்தாலும், நம்ம பந்து எதுன்னு நாம சொன்னாத்தான் அவருக்குத் தெரியும்.

எப்படிச் சொல்றது? கூறிடல்ல விடை 0.5-க்கு மேலன்னு பார்த்தோமே, அங்க போய் நின்னுக்குவோம். ஆ = 0.5 + ம. 'ம'ங்கறது மிச்சம். போட்டுச் சுருக்கினா:

0.375 − 2.25ம − 1.5ம² + ம³ = 0

0.375-ஆல வகுத்தா:

1 − 6ம − 4ம² + (8/3)ம³ = 0

விதி: புது எண் = 6 × (முந்தினது) + 4 × (அதுக்கு முந்தினது) − (8/3) × (அதுக்கும் முந்தினது).

1, 6, 40, 261.33, 1712, 11210.67 …

விகிதங்கள்: 0.1667, 0.1500, 0.15306, 0.15265, 0.15271.

0.5-ஐக் கூட்டினா 0.65271. அஞ்சு வகுத்தல்ல 6.527 சென்டிமீட்டர் வந்துடுச்சு. சரியான விடை 6.52704. வகைக்கெழு வேண்டாம், கொசைன் வேண்டாம், பரீட்சை ஹால்ல சாதாரண கால்குலேட்டர் போதும். நாம நின்ன இடத்துலேர்ந்து நம்ம பூச்சியம் 0.153 தூரத்துல, அடுத்தது 1.03 தூரத்துல. அந்த இடைவெளி பெருசா இருக்கறதாலதான் ஒவ்வொரு படியிலயும் பிழை கிட்டத்தட்ட ஏழுல ஒரு பங்காச் சுருங்குது.

"பைத்தான்ல ரூட்ஸ் போட்டா வந்துடுமே?"

வரும். மூணாம் படிக்கு நல்லாவே வரும். ஆனா கண்ணை மூடிக்கிட்டு நம்பறதுக்கு முன்னாடி இன்னொரு போர்டு செத்த கதை மாதிரி ஒண்ணு கேளுங்க.

இங்கிலாந்துக்காரர் வில்கின்சன், கம்ப்யூட்டர்ல பூச்சியம் கண்டுபிடிக்கற வேலையில முன்னோடி. அவர் எடுத்துக்கிட்ட கோவை ரொம்ப அப்பாவியானது: பூச்சியங்கள் 1, 2, 3 … 20. எல்லாம் முழு எண், தள்ளித் தள்ளி நிக்குது. பெருக்கி விரிச்சா 19-ஆம் படியோட கெழு −210. அந்த ஒரே ஒரு கெழுவை மட்டும், 2-ஐ 23 தடவை பெருக்கினா வர்ற எண்ணுல ஒரு பங்கு, அதாவது ஒரு கோடியில ஒண்ணுக்குச் சற்று அதிகம், மாத்திப் பார்த்தார். 16, 17-ங்கற ரெண்டு பூச்சியமும் கிடைக்கோட்டை விட்டே எழுந்து போய், 16.73-ஐ மெய்ப்பகுதியாவும் ±2.81-ஐக் கற்பனைப் பகுதியாவும் கொண்ட கலப்பெண் ஜோடி ஆயிடுச்சு. மொத்தம் பத்து பூச்சியம் இப்படிக் கலப்பெண்ணாச்சு.

இதுல புரோகிராம்ல தப்பு இல்ல. கோவையே அப்படி. கெழுவுல துளி அசைஞ்சா பூச்சியம் மைல் கணக்கா ஓடும். நம்ம கெழுக்கள் எங்கேயிருந்து வருது? தராசுலேர்ந்து, ஸ்கேல்லேர்ந்து, சென்சார்லேர்ந்து. எல்லாத்துலயும் துளி பிழை உண்டு. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல சிறப்புச் சமன்பாட்டோட பூச்சியம் ஒண்ணோட மெய்ப்பகுதி பிளஸ்ல இருந்தா, அந்த சிஸ்டத்தோட வெளியீடு அடங்காமப் பெருசாகிக்கிட்டே போகும். அங்க குறியைத் தப்பா எடுத்தா நனையறது ஒரு போர்டு மட்டும் இல்ல.

அடுத்த தடவைக்கு

எங்க டீம் இப்போ வச்சுக்கிட்டிருக்கற பழக்கம் இது:

1. விடை எந்த எல்லைக்குள்ள இருக்கணும்னு பொருளைப் பார்த்து முதல்ல எழுது. பந்துன்னா 0-லேர்ந்து 2.
2. குறி மாற்றத்தை எண்ணு. எத்தனை பூச்சியம், எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கோ.
3. வகைக்கெழுவோட பூச்சியத்தை வச்சு இடைவெளிகளைப் பிரி.
4. கூறிடல்ல நாலு படி போ, அப்புறம் நியூட்டனையோ ராமானுஜனையோ கூப்பிடு.
5. வந்த விடையைத் திரும்பப் போட்டுப் பார். எல்லைக்கு வெளிய வந்தா திருத்தாதே, ஏன்னு கேளு.

அஞ்சாவதுதான் முக்கியம். மைனஸ் வந்தப்போ கணக்கு எங்ககிட்ட "நீங்க கேட்ட இடம் இது இல்ல"ன்னு சொல்லிச்சு. நாங்க அதை அழிச்சுட்டு, நமக்குப் பிடிச்ச மாதிரி ஒரு எண்ணை வச்சுக்கிட்டோம்.

ரெண்டாவது பந்துக்கு 8 சென்டிமீட்டர்ல ஓட்டை போட்டு, சுத்தி எம்சீல் வச்சு, முதல்ல டிரம்ல மிதக்க விட்டோம். நண்பனோட அப்பா சாக்பீஸால தண்ணிக் கோட்டுல ஒரு கீறு போட்டார். ஸ்கேல் வச்சு அளந்தேன். ஆறரை. "கணக்குலயும் இதுதானே வந்துச்சு?"ன்னு கேட்டார். "ஆமாப்பா, இந்தத் தடவை"ன்னேன்.

போறதுக்கு முன்னாடி உங்களுக்கு ரெண்டு வீட்டுப்பாடம். பந்து சரிபாதி எடைன்னா சமன்பாடு ஆ³ − 3ஆ² + 2 = 0. ஒரு பூச்சியம் பார்த்த உடனே தெரியும், அதை வச்சு மத்த ரெண்டையும் எடுங்க. பந்து முக்கால் பங்கு எடைன்னா? அதுக்குக் கால்குலேட்டரே வேண்டாம். இந்தக் கட்டுரையில இருக்கற ஒரு எண்ணை வச்சு, பந்தைத் தலைகீழாக் கவுத்துப் பாருங்க.